இருபது என்றால் எந்த இருபது?

இறுதியாண்டுத் திட்டப்பணிக்காக எங்கள் கல்லூரிப் பட்டறைக்கு நான் எடுத்துச் சென்ற முதல் வரைபடத்தில் ஒரே ஒரு தண்டுதான் இருந்தது. நீளம் 220 மி.மீ.; நடுப்பகுதியின் விட்டம் 28 மி.மீ.; பேரிங் உட்கார வேண்டிய இரு முனைகளிலும் விட்டம் 20 மி.மீ. கணினியில் வரைந்து, பெயர்க்கட்டத்தில் எங்கள் நால்வர் பெயரையும் வழிகாட்டியின் பெயரையும் இட்டு, அச்செடுத்த தாளை மடங்காமல் உறையில் வைத்துக் கொண்டுபோயிருந்தேன். பட்டறைப் பொறுப்பாளர் நெற்றியில் ஏற்றி வைத்திருந்த கண்ணாடியை இறக்கிக்கொண்டு அதைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “தம்பி, இருபதுன்னா எந்த இருபதுங்க?”

கேள்வியே எனக்குப் புரியவில்லை. இருபது என்றால் இருபதுதானே என்று சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. தாளை உறைக்குள் போட்டு என் கையில் கொடுத்து, “பேரிங் நம்பரைப் பாத்து, ஃபிட் என்னன்னு எழுதிக்கிட்டு வாங்க” என்று சொல்லிவிட்டுத் தம் லேத்துக்கு, அதாவது கடைசல் இயந்திரத்துக்கு, திரும்பிவிட்டார். நான்கு ஆண்டுகளில் அந்தக் கல்லூரியில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளிலேயே உருப்படியானது அதுதான் என்று இப்போது தோன்றுகிறது; அன்று எனக்கு வந்தது கோபம்தான்.

பட்டறை எனக்குப் புதிய இடமன்று. எங்கள் கல்லூரியில் பொறியியல் படித்த எவரும், கணினித்துறை மாணவர்கள் உட்பட, முதலாண்டில் செய்முறைப் பயிற்சிக்காக அதற்குள் போயாக வேண்டியிருந்தது. தச்சு, குழாய் இணைப்பு, வெல்டிங், தகடு வேலை என்று பிரிவு பிரிவாக மாறி மாறிச் செய்வோம். ஃபிட்டிங் பிரிவில் இரும்புத் தகடுகளை அரத்தால் தேய்த்து, ஒன்றில் வி வடிவ வெட்டும் மற்றொன்றில் அதற்கேற்ற கூரும் அமைத்து, இரண்டையும் சேர்த்துப் பிடித்து வெளிச்சத்துக்கு நேரே காட்ட வேண்டும். இடைவெளியில் ஒளி தெரிந்தால் மதிப்பெண் குறையும். என்னுடையதில் ஒளி மட்டுமன்று, எதிரே நின்ற நண்பனின் முகமே தெரிந்தது. ஆனாலும் ரெக்கார்டு நோட்டில் படம் அழகாக இருந்ததால் பதினைந்துக்குப் பதின்மூன்று கிடைத்தது. நோட்டுக்கு மதிப்பெண் போட்டவர் ஒருவர், வேலையைக் கற்றுக்கொடுத்தவர் வேறொருவர் என்பதை அப்போது நான் பொருட்படுத்தவில்லை.

பேரிங் கேள்விக்கு வருகிறேன். எங்கள் திட்டப்பணி, இரு கப்பிகளுக்கு நடுவே ஓடும் பட்டை சுமை ஏற ஏற எவ்வளவு வழுக்குகிறது என்று அளக்கும் ஒரு சிறு சோதனைக் கருவி. அதில் நாங்கள் தேர்ந்திருந்தது 6204 எண் கொண்ட பேரிங். அந்த எண்ணின் கடைசி இரு இலக்கங்களான 04-ஐ ஐந்தால் பெருக்கினால் உள்துளையின் விட்டம் 20 மி.மீ. என்று வந்துவிடும், வெளிவிட்டம் 47, அகலம் 14. இதெல்லாம் அட்டவணையில் இருப்பவை, எனக்கும் தெரிந்தவை. அந்த அட்டவணைக்குச் சில பக்கங்கள் தள்ளி, தண்டுடன் பேரிங்கின் உள்வளையமும் சேர்ந்து சுழலும்போது அது தண்டின் மேல் இறுக்கமாக உட்கார வேண்டும், இல்லையேல் வளையம் சிறிது சிறிதாக நகர்ந்து தண்டையே தேய்த்துவிடும் என்று எழுதியிருந்ததை மட்டும் நான் படிக்காமல் விட்டிருந்தேன். அந்த இறுக்கத்துக்கான குறியீடு கே6. இருபது மில்லிமீட்டர்த் தண்டுக்கு அதன் பொருள், விட்டம் 20.002-க்குக் குறையவும் கூடாது, 20.015-ஐத் தாண்டவும் கூடாது என்பது. வெளிவளையம் உட்காரும் கூட்டுக்கு எச்7, அதாவது 47.000 முதல் 47.025 வரை. ஆக, நான் வரைபடத்தில் எழுதியிருந்த வெறும் 20 என்ற அளவு, சரியான தண்டுக்குரிய எல்லைக்குள்ளேயே வரவில்லை. மிகுந்த திறமையுடன் ஒருவர் துல்லியமாக 20.000 கடைந்து கொடுத்திருந்தாலும் அது பிழையான தண்டுதான்.

வகுப்பறையில் எண்ணுக்கு அகலம் கிடையாது. இருபது என்பது ஒரு புள்ளி. பட்டறையில் அந்தப் புள்ளியை ஒருவராலும் தொட முடியாது, அதன் அருகே எங்கோ ஓரிடத்தில்தான் போய் நிற்க முடியும். எங்கே நின்றால் போதும் என்பதைச் சொல்ல வேண்டியவர் வரைபவர். அதைச் சொல்லாத வரைபடம் தன் பொறுப்பைக் கடைசல்காரரின் தலையில் தள்ளிவிடுகிறது. எல்லைகளை எழுதிக்கொண்டு மறுநாள் போனபோது பொறுப்பாளர் தாளை வாங்கிப் படித்துவிட்டு, “இப்ப சரிங்க. ஆனா இதை நான் செய்யப் போறதில்லை, நீங்கதான் செய்யப் போறீங்க” என்றார்.

உடனே லேத்தில் கைவைக்க விடவில்லை. முதலில் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றச் சொன்னார். வளாகத்தில் அது இல்லாமல் நடந்தால் அபராதம். பட்டறையில் அதை அணிந்து லேத் முன் குனிந்தால் உயிருக்கே கேடு. மோதிரம், கைக்கயிறு, கடிகாரம் எல்லாம் மேசை இழுப்பறைக்குள் போயின. முழுக்கைச் சட்டையை முழங்கைக்கு மேல் மடிக்க வேண்டும். எங்கள் குழுவில் இருந்த தோழி பின்னலைச் சுருட்டித் தொப்பிக்குள் செருகிக்கொண்டாள். சுழலும் இயந்திரத்தின் அருகே கையுறை கூடாது என்பது எனக்கு வியப்பாக இருந்தது. பாதுகாப்புக்காகவே உள்ள பொருள் என்று அதுவரை நினைத்திருந்தேன். துணி நுனி ஒன்று சுழலும் கம்பியில் சிக்கினால் கையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். வெறும் விரலென்றால் கீறலோடு தப்ப வழியுண்டு. கம்பியைக் கவ்விப் பிடித்துச் சுழலும் சக்கின் சாவி பற்றிய விதியைத்தான் அவர் மூன்று முறை சொன்னார்: சாவி சக்கில் இருக்கும்வரை கை சாவியில் இருக்க வேண்டும். கையை எடுக்க வேண்டுமானால் சாவியையும் எடுத்துவிட வேண்டும். சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டு மோட்டாரை ஓட விட்டால் அது எந்தத் திசையில் பறக்கும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

மாலை ஐந்து மணிக்கு மேல் தனியாக வேலை செய்ய அனுமதி இல்லை என்பதும் அவர் விதி. காலக்கெடு நெருங்கும்போது இந்த விதியின் மேல் எங்களுக்கு எரிச்சல் வந்ததுண்டு. பிற்பாடு, 2011 ஏப்ரலில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் நடந்ததைப் படித்தேன். வேதியியல் ஆய்வகக் கட்டடத்தில் இருந்த பட்டறையில் இரவு நேரத்தில் தனியாக லேத்தில் வேலை செய்துகொண்டிருந்த இறுதியாண்டு மாணவி ஒருவர் தலைமுடி சிக்கி இறந்துபோனார். உடன் ஒருவர் இருந்திருந்தால், இயந்திரத்தை நிறுத்தவாவது ஒரு கை இருந்திருக்கும். அதன் பிறகு அந்த விதியைப் பற்றி நான் முணுமுணுத்ததில்லை.

எங்களுக்குக் கொடுக்கப்பட்டது பச்சை வண்ணம் உரிந்த பழைய எச்.எம்.டி. லேத். இந்தப் பெயரை என் தலைமுறையினர் அப்பாவின் கைக்கடிகாரத்தில்தான் பார்த்திருப்போம். ஆனால் அந்த நிறுவனம் 1953-இல் பெங்களூரில் தொடங்கப்பட்டது இப்படிப்பட்ட இயந்திரங்களைச் செய்வதற்காகத்தான். கடிகாரம் 1961-இல்தான் வந்தது. லேத்தின் படுக்கை எனப்படும் அடித்தளத்தின் நடுப்பகுதி பல ஆண்டுப் பயன்பாட்டில் சற்றுத் தேய்ந்திருந்தது. தேய்ந்த இயந்திரத்திலும் நல்ல வேலை வரும், எங்கே தேய்ந்திருக்கிறது என்று தெரிந்தால் போதும் என்பது பொறுப்பாளரின் கொள்கை.

முதலில் ஒரு துண்டு மைல்ட் ஸ்டீல் கம்பியில் பழகச் சொன்னார். கட்டிங் டூலின் முனை, கம்பியின் மையத்துக்கு நேர் உயரத்தில் இருக்க வேண்டும். அதைச் சரிபார்க்க அவர் காட்டிய வழி எனக்கு இன்றும் பிடித்தமானது. ஒரு எஃகு ஸ்கேலை டூல் முனைக்கும் கம்பிக்கும் நடுவே நிறுத்தி மெல்ல அழுத்தினால், உயரம் சரியாக இருக்கும்போது ஸ்கேல் செங்குத்தாக நிற்கும். அதன் மேல்முனை கம்பியின் பக்கம் சாய்ந்தால் டூல் மையத்துக்கு மேலே இருக்கிறது; நம் பக்கம் சாய்ந்தால் கீழே இருக்கிறது. டூலின் அடியில் மெல்லிய தகட்டுத் துண்டுகளைச் செருகியோ எடுத்தோ சரிசெய்துகொள்ளலாம். வேகத்துக்குத் தேர்வில் எழுதிய சூத்திரமே போதுமானதாக இருந்தது: வெட்டு வேகம் நிமிடத்துக்கு 25 மீட்டர் என்று கொண்டால், 30 மி.மீ. கம்பிக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 265 சுற்றுகள். தேர்வுத்தாளில் விடையை எழுதியதோடு வேலை முடிந்துவிடும். இங்கே கியர்ப்பெட்டியில் 265 என்று ஒரு நிலையே கிடையாது, அதற்குக் கீழே இருப்பதில் மிக அருகில் உள்ளதைத் தேர்ந்துகொள்ள வேண்டும்.

பழகு கம்பியிலேயே முதல் பிழையைச் செய்தேன். விட்டத்தில் 0.3 மி.மீ. குறைக்க வேண்டியிருந்தது, டூலைக் கம்பியை நோக்கிக் குறுக்கே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடின் டயலில் 0.3 திருப்பினேன், 0.6 குறைந்துவிட்டது. டூல் ஒரு பக்கத்திலிருந்து 0.3 உள்ளே போனால், சுழலும் கம்பியில் அது எல்லாப் பக்கமும் போனதாகவே கணக்கு. எல்லா லேத்திலும் இப்படியில்லை. விட்டத்தில் குறையும் அளவையே காட்டும் டயலும் உண்டு. எந்த வகை என்று எல்லா இயந்திரத்திலும் எழுதியிருக்காது, அதனால் புதிய லேத்தின் முன் நிற்கும்போதெல்லாம் ஒரு சிறு வெட்டு வெட்டி அளந்து பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். கூடவே, திருகின் தளர்வும் இருக்கிறது: கைப்பிடியை ஒரு திசையில் திருப்பிவிட்டு எதிர்த்திசையில் திருப்பும்போது முதல் சில கோடுகள் வரை டூல் அசையவே அசையாது. ஆகவே அளவைத் தாண்டிவிட்டால் அதே கோட்டுக்கு நேராகத் திரும்பக் கூடாது. நன்றாகப் பின்னுக்கு வந்து, மீண்டும் முன்னோக்கியே நெருங்க வேண்டும்.

உண்மையான தண்டை இ.என்.8 எஃகில் தொடங்கினோம். கம்பியை மூன்று தாடைச் சக்கில் பிடித்து ஒரு முனையைக் கடைந்து, பிறகு திருப்பிப் பிடித்து மறுமுனையைக் கடையலாம் என்பது என் திட்டம். பொறுப்பாளர் வேண்டாம் என்றார். அந்தச் சக்கில் கம்பியைக் கழற்றி மாட்டினால் மையம் ஏறக்குறைய 0.05 மி.மீ. அளவுக்காவது விலகும். இரு முனைகளும் தனித்தனியே வட்டமாக இருக்கும், ஆனால் ஒரே அச்சில் இருக்காது. இரு பேரிங்குகளும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டிக்கொண்டே சுழலும். ஆகவே இரு முனைகளிலும் சென்டர் டிரில்லால் 60 பாகைக் குழி இட்டு, தண்டை இரண்டு சென்டர்கள் எனப்படும் கூர்முனைகளுக்கு நடுவே தொங்கவிட்டு, தண்டைக் கவ்வும் கேரியரால் சுழற்றிக் கடைந்தோம். எத்தனை முறை திருப்பி மாட்டினாலும் அச்சு அந்த இரு குழிகளையும் இணைக்கும் கோடுதான், அது மாறாது. தண்டின் மறுகோடியைத் தாங்கும் டெயில் ஸ்டாக் சற்று விலகியிருந்ததால் சோதனை வெட்டில் இரு கோடிகளுக்கும் விட்டம் 0.04 மி.மீ. வேறுபட்டது, அதில் ஏறக்குறைய பாதியளவு அதை நகர்த்தி நேராக்கினோம். இதற்கே அரைநாள் போயிற்று.

அடுத்த நாள் பிற்பகல் ஒரு முனை இறுதி அளவை நெருங்கியது. மைக்ரோமீட்டரில் 20.012 காட்டியது. எல்லைக்குள் வந்துவிட்டது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம், ஆனால் மேற்பரப்பில் டூல் விட்ட மெல்லிய வரிகள் கண்ணை உறுத்தின. பொறுப்பாளர் மறுகோடியில் வேறு மாணவர்களோடு இருந்தபோது எமரித் தாளை எடுத்துப் பளபளப்பாக்கினேன். 20.005. இன்னும் எல்லைக்குள்தான். மனநிறைவோடு தேநீர் குடிக்கப் போய், அரைமணி கழித்துத் திரும்பி வந்து பேரிங்கை வைத்துப் பார்த்தால், எந்த எதிர்ப்பும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டது. மீண்டும் அளந்தேன்: 19.996.

வெட்டும்போதும் தேய்க்கும்போதும் தண்டு சூடாகியிருந்தது. ஒரு மீட்டர் எஃகு ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் ஏறத்தாழ 0.012 மி.மீ. நீளும், இருபது மில்லிமீட்டர் விட்டத்துக்கு நாற்பது பாகைச் சூடு ஏறினால் 0.009 மி.மீ.க்கும் சற்று மேலேயே வந்துவிடுகிறது. என்னிடம் இருந்த மொத்த எல்லையே 0.013 மி.மீ.தான். இயற்பியல் பாடத்தில் தண்டவாளங்களுக்கு நடுவே இடைவெளி விடுவதற்கான காரணமாக மட்டுமே நான் அறிந்திருந்த வெப்ப விரிவு, தேநீர் குடித்து வரும் நேரத்துக்குள் என் தண்டைக் கெடுத்துவிட்டது. அளவைகளுக்கான பன்னாட்டு அடிப்படை வெப்பநிலை 20 பாகை. எங்கள் ஊர்ப் பட்டறையில் அந்த வெப்பநிலை ஆண்டில் ஒருநாளும் பகலில் இராது. ஆனால் தண்டும் எஃகு, பேரிங்கும் எஃகு. இரண்டும் ஒரே சூட்டில் இருந்தால் சேர்ந்தே விரியும், பொருத்தம் கெடாது. ஒன்று சூடாகவும் மற்றது ஆறியும் இருப்பதுதான் வினை.

தளர்ந்த தண்டில் சென்டர் பஞ்சால் நெருக்கமாகப் புள்ளி குத்தினால், எழும்பும் விளிம்புகளில் பேரிங் இறுகிக்கொள்ளும். தெருவோரப் பட்டறைகளில் பழைய பம்புகளுக்கு இப்படிச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். எங்கள் குழுவில் ஒருவன் அதைச் செய்துவிடலாம் என்றான். பொறுப்பாளர் என்னைத் திட்டாமல், அந்த யோசனையை மட்டும் மறுத்தார். வயலில் தண்ணீர் நின்றுபோன பம்புக்கு அது வைத்தியம், புதிதாகச் செய்யும் தண்டுக்கு அது பொய் என்றார். எமரித் தாளைப் பற்றி மட்டும் கடுமையாகச் சொன்னார். பளபளப்பு வேண்டுமென்றால் டூலைத் தீட்டி, டூல் நகரும் ஊட்ட வேகத்தைக் குறைத்து வெட்டித்தான் பெற வேண்டும், கையால் தேய்த்துப் பெற்ற பளபளப்பில் வட்டமும் போகும், அளவும் போகும், சில நேரம் விரலும் போகும்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவர் ஐ.டி.ஐ.யில் டர்னர் படிப்பை முடித்து, தனியார் ஆலை ஒன்றில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுக் கல்லூரிக்கு வந்தவர். கல்லூரியின் படிநிலையில் அவர் இடம் விரிவுரையாளர்களுக்கெல்லாம் கீழே. பொறியியல் மாணவர்கள் பலர் அவரைப் பெயர் சொல்லாமல், பதவியும் சொல்லாமல், “லேத் அண்ணன்” என்றே கடந்துபோவார்கள். திட்டப்பணி அறிக்கையின் நன்றியுரையில் தாளாளர், முதல்வர், துறைத்தலைவர் என்று எல்லாரும் வரிசையில் வருவார்கள், அவர் வருவதில்லை. எங்கள் அறிக்கையில் சேர்த்தோம். முதல் படியில் அந்த வரியை வழிகாட்டி அடித்துவிட்டார், இரண்டாம் படியில் மீண்டும் சேர்த்தோம், மூன்றாம் படியில் அவருக்கும் அலுத்துப்போய் விட்டுவிட்டார்.

அந்தச் சில வாரங்களில் என் வரைபடங்கள் மாறின. அலுமினியத் தகட்டில் சதுரக் குழி வரைந்து, உள்மூலைகளைக் கூராக விட்டிருந்தேன். சுழலும் கட்டர் உருளை வடிவம், அதனால் மூலையில் அதன் ஆரம் தங்கியே தீரும் என்பது மில்லிங் இயந்திரத்தின் முன் நின்றபோதுதான் உறைத்தது. எம்10 திருகுக்கு 8.5 மி.மீ. துளை இட்டு மரை வெட்ட வேண்டும் என்று தெரியும், ஆனால் அடிப்பக்கம் மூடிய துளையில் அடிவரைக்கும் மரை காட்டியிருந்தேன். மரை வெட்டும் டேப்பின் நுனி கூம்பியிருப்பதால் அடிவரை மரை விழாது. துளை இன்னும் ஆழமாக இருக்க வேண்டும். எல்லா அளவுகளுக்கும் நுண்ணிய எல்லை எழுதுவதும் பிழைதான். தண்டின் நடுப்பகுதியில் எதுவும் பொருந்துவதில்லை என்பதால், அந்த 28 மி.மீ. அரை மில்லிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் கவலையில்லை. தேவையற்ற இடத்தில் நுட்பம் கேட்பது, ஒருவருடைய பிற்பகலைக் காரணமின்றி வீணடிப்பது.

இரண்டாம் தண்டைக் கடைந்தபோது கடைசி வெட்டுக்கு முன் நிறுத்தி, படுக்கையிலிருந்த இரும்புச் சுருள்களைத் தூரிகையால் கூட்டி அள்ளி, எண்ணெய் தடவிவிட்டு, மறுநாள் காலை ஆறிய தண்டில் மீதியை எடுத்தோம். ஒரு முனை 20.009, மறுமுனை 20.007. பேரிங்கை ஏற்ற, உள்வளையத்தை மட்டும் தொடும் அளவுள்ள குழாய்த் துண்டு ஒன்றை வைத்துக் கைப்பிரஸ்ஸில் மெல்ல அழுத்தினோம். வெளிவளையத்தில் தட்டினால் அந்த விசை குண்டுகள் வழியாகப் போய், ஓடுபாதையில் கண்ணுக்குத் தெரியாத குழிகளை ஏற்படுத்திவிடும். பேரிங் புதிதாகவே முனகத் தொடங்கும். எங்களுடையது முனகவில்லை.

செய்முறைத் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கருவியைச் சுற்றி வந்தார். கப்பியை விரலால் ஒருமுறை சுண்டினார். தண்டு ஓசையின்றி நெடுநேரம் சுழன்று நின்றது. பிறகு கணினித் திரையின் பக்கம் திரும்பி, தகைவுப் பகுப்பாய்வுப் படத்தில் சிவப்பு வண்ணம் ஏன் அந்த இடத்தில் வந்திருக்கிறது என்று கேட்டார். அதற்கு நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த விடையைச் சொன்னேன். தண்டைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை.